வெயிலில் தோல் கறுப்பதும் முடி வெளுப்பதும்: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பங்குனி பிறந்தால் போதும், "முகம் கறுத்துப்போச்சு, க்ரீம் ஏதாவது இருக்கா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள், ஆடிக் காற்று அடிக்கிறவரை ஓயாது. க்ரீமை எடுத்து நீட்டுவதற்கு முன் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறவன் நான். வியாபாரத்துக்கு இது ஆகாது என்று வீட்டில் சொல்வார்கள். கூட்டத்துக்கு நடுவே அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறேன்.

ஒரே வெயில்தானே? தோலைக் கறுக்க வைக்குது, முடியை மட்டும் ஏன் செம்பட்டையாக்குது?

தோலுக்கு உயிர் இருக்கிறது, முடிக்கு இல்லை. மற்ற எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

இரண்டுக்கும் நிறம் கொடுப்பது மெலனின் என்ற நிறமி. தோலின் மேலடுக்கில், அடிப்பக்கமாக, மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கிளைவிட்டு நீண்டு, சுற்றியிருக்கும் சுமார் 36 தோல் செல்களுக்கு மெலனின் வழங்கும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் தோல் செல்லுக்குள் புகுந்து டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது. அடிபட்ட செல் ஒரு ஹார்மோனைச் சுரந்து பக்கத்து மெலனோசைட்டுக்குத் தகவல் சொல்கிறது. அது கூடுதலாக மெலனின் செய்து அனுப்புகிறது. வந்து சேர்ந்த மெலனின் துகள்கள் தோல் செல்லின் உட்கருவுக்கு மேலே, வெயில் வருகிற பக்கமாகக் குவிந்து, குடை பிடித்த மாதிரி நிற்கும். நாம் "கறுத்துப்போச்சு" என்று வருத்தப்படுவது இந்தக் காவல் வேலையைப் பார்த்துத்தான். அது அழுக்கும் இல்லை, தேய்த்தால் போகிற படிவும் இல்லை.

முடியின் கதை வேறு. மண்டைத் தோலுக்கு வெளியே தெரியும் முடி முழுக்க உயிரில்லாத புரதம். வேர்க்காலில் உருவாகும்போது வாங்கிக்கொண்ட மெலனின்தான் உதிரும்வரை அதற்கு முதல். வெயில் அந்த மெலனினை ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கும்போது, புதிதாகச் செய்துகொடுக்க அங்கே ஒரு செல்லும் இல்லை. போனது போனதுதான். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. அப்படியானால் 60 செ.மீ. கூந்தலின் நுனி ஐந்து வருஷ வெயிலைப் பார்த்த முடி, வேர்ப்பக்கம் போன மாதம் முளைத்தது. நுனி பழுப்பாகவும் வேர் கறுப்பாகவும் இருப்பது அதனால்தான். நிறத்தோடு நிற்காமல் முடியின் புரதப் பிணைப்புகளையும் வெயில் அறுப்பதால், அந்த நுனி வறண்டு பிளந்தும் போகும்.

தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போய்வந்தா ஆளே அடையாளம் தெரியலை. தை மாசம் பனிக்காலம்தானே?

பனியை வைத்து இதைக் கணக்கிட முடியாது. உடம்பில் சூடாக உறைப்பது அகச்சிவப்புக் கதிர். கறுக்க வைப்பது புற ஊதா. குளிர்ந்த காற்று அடித்தால் முன்னது தெரியாமல் போகலாம், பின்னது குறைந்துவிடாது. தைப்பூசம் வரும் ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும்கூட, நண்பகலில் நம் பக்கத்துச் சூரியன் 60 பாகைக்கு மேலே நிற்கிறது. அந்த நேரம் சாலையில் விழும் உங்கள் நிழலைப் பாருங்கள், உங்கள் உயரத்தில் பாதியளவுதான் இருக்கும். குன்றக்குடியிலிருந்து காவடியோடு புறப்பட்டு நாள்கணக்கில் நடப்பவர்கள் விடிகாலையில் கிளம்பினாலும், வெயில் ஏறிய பிறகும் நடக்கத்தான் செய்கிறார்கள்.

கறுப்பு இரண்டு தவணையாக வரும். புற ஊதா ஏ கதிர், தோலில் ஏற்கெனவே இருக்கும் மெலனினை நிமிஷங்களிலேயே கருமையாக்கும். முதல் நாள் சாயங்காலம் தெரிவது இது. பெரும்பாலும் சீக்கிரம் தணிந்துவிடும். புற ஊதா பி கதிரால் புது மெலனின் உருவாகி வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். இதுதான் தங்கும். யாத்திரை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் "இன்னும் கறுத்துக்கிட்டே போகுதே" என்று சொல்வது பிரமை இல்லை.

வந்த கறுப்பு எத்தனை நாளில் போகும்?

தோலின் மேலடுக்கு உதிர்ந்து புதிதாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும், வயதானவர்களுக்குக் கூடுதலாகவும் ஆகும். மெலனினும் அந்தச் செல்களோடு சேர்ந்து உதிர வேண்டும். வெயிலுக்குப் போகாமல் இருந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் பெரும்பகுதி போய்விடும். பழனி போய்வந்தவர்களுக்குச் சிக்கல் என்னவென்றால், தையில் வந்த கறுப்பு மாசியில் போக ஆரம்பிக்கும்போது பங்குனி வெயில் வாசலில் நிற்கும்.

எந்த நேரத்து வெயில் மோசம்?

காலை 10 முதல் பிற்பகல் 3 வரை. மணிக்கூண்டு பார்க்க வேண்டாம், நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதா பலமாக இருக்கிறது என்று அர்த்தம்.

காரைக்குடி இருப்பது ஏறக்குறைய 10 பாகை வடக்கு அட்சத்தில். சூரியன் வருஷத்துக்கு இரண்டு முறை நம் உச்சந்தலைக்கு நேராக வருகிறது: சித்திரை பிறந்த கையோடு ஏப்ரல் 16 வாக்கில், மறுபடி ஆவணியில் ஆகஸ்ட் 27 வாக்கில். இந்திய நேரம் நமக்குக் கிழக்கே உள்ள 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது. அதனால் சித்திரையில் நம் ஊர் உச்சிப்பொழுது கடிகாரத்தில் 12 மணி 15 நிமிஷ வாக்கில்தான் வரும்.

அக்னி நட்சத்திரம் என்றால் எல்லோரும் குடையை எடுப்பார்கள். ஆவணி வெயிலை யாரும் மதிப்பதில்லை. மேகம் விலகி நிற்கிற ஆவணி மத்தியானம் சித்திரைக்குச் சளைத்ததில்லை. புற ஊதாவின் பலத்தைச் சொல்லும் எண்ணான புற ஊதாக் குறியீடு 11-ஐ எட்டினாலே உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் அதுதான் உச்சப் படி. தென் மாவட்டங்களில் கோடை நண்பகலில் அது சர்வசாதாரணம். மெல்லிய மேகமும் நம்பத் தகுந்ததில்லை, பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும்.

கொடைக்கானல் போனா குளிர்தானே, அங்கேயும் கறுக்குமா?

கூடுதலாகவே கறுக்கும். உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும். கொடைக்கானல் 2000 மீட்டருக்கு மேலே இருக்கிறது.

வளவுக்குள்ளேயேதான் இருக்கேன், வெளியே போறதே இல்லை. பிறகு எப்படிக் கறுக்கும்?

புற ஊதா நேரே சூரியனிடமிருந்து மட்டும் வருவதில்லை. வானம் முழுக்கச் சிதறி நாலாபக்கமும் இருந்து வருகிறது. ஆகவே நிழலின் தரம் அங்கிருந்து எவ்வளவு வானம் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. வளவைச் சுற்றிய தாழ்வாரத்தில் முற்றத்துக்கு மேலே இருக்கும் சதுர வானம் மட்டும்தான் தெரியும், அதனால் அது நல்ல நிழல். வெளித் திண்ணையில் தெருப்பக்க வானம் பாதி தெரியும். முற்றத்தின் நடுவிலோ மொட்டை மாடியிலோ நிழலே கிடையாது. ஆச்சிமார்களிடம் விசாரித்துப் பார்த்தால் கடைசியில் விஷயம் வற்றலில் போய் நிற்கும். வடகம் பிழிய, மிளகாய் காயவைக்க, காக்காய் விரட்ட, திருப்பிப்போட என்று பத்துப் பத்து நிமிஷமாக மாடி ஏறுவதை யாரும் "வெயிலில் இருந்தது" என்று எண்ணுவதில்லை. தோல் அத்தனையையும் எண்ணிக்கொள்ளும்.

பஸ்ஸில் ஜன்னலை மூடிட்டா?

சாதாரணக் கண்ணாடி புற ஊதா பி-யைத் தடுக்கும், ஏ-யை விட்டுவிடும். அதனால் கண்ணாடி வழியாகத் தோல் எரிந்து சிவக்காது, ஆனால் கறுக்கும், சுருக்கமும் விழும். தினமும் ஒரே பக்கம் உட்கார்ந்து மதுரைக்கோ திருச்சிக்கோ போய்வருகிறவர்கள் கண்ணாடியில் இரண்டு கன்னத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காரில் முன்கண்ணாடி நடுவே படலம் வைத்த இரட்டைக் கண்ணாடி என்பதால் ஏ கதிரையும் பெரும்பாலும் தடுக்கும். பக்கக் கண்ணாடி அப்படி இல்லை.

ஒரே தாய் வயித்துப் பிள்ளைகள். அண்ணன் மாநிறம், தங்கச்சி நல்ல கறுப்பு. இது வெயிலா, வம்சமா?

வம்சம். வெயில் அதன் மேலே பூசுவது கொஞ்சம்தான். உங்கள் பிறவி நிறத்தைப் பார்க்க மேல்கையின் உள்பக்கத்தைப் பாருங்கள், அக்குளுக்குக் கீழே. புறங்கைக்கும் அதற்கும் இடையே உள்ள வித்தியாசம் மட்டுமே வெயிலின் கணக்கு. எந்த க்ரீமும், எத்தனை மாதம் நிழலில் இருந்தாலும், அந்த உள்கை நிறத்தைத் தாண்டிக்கொண்டு போகாது. வாங்குவதற்கு முன் இதைப் பார்த்துவிட்டாலே பாதிப் பணம் மிச்சம்.

கறுப்பானவருக்கும் சிவப்பானவருக்கும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். அவை செய்யும் மெலனின் துகள்களின் அளவும் வகையும்தான் வேறுபடும். இதைத் தீர்மானிப்பதில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. 2005-இல் ஜீப்ரா மீன்களை ஆராய்ந்தபோது அப்படி ஒன்று, எஸ்.எல்.சி.24ஏ5, அகப்பட்டது. அதன் வெளிர்நிற வடிவம் ஐரோப்பியர் ஏறக்குறைய எல்லோரிடமும் உண்டு. நம் நாட்டில் சிலரிடம் இரண்டு பிரதி, சிலரிடம் ஒன்று, சிலரிடம் இல்லை. அப்பாவிடமிருந்து எது, அம்மாவிடமிருந்து எது என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிச் சீட்டு. கர்ப்பத்தில் குங்குமப்பூப் பால் குடிப்பது இதில் எதையும் மாற்றாது. பிறந்த குழந்தை வெளிறி இருந்து சில மாதங்களில் நிறம் கூடுவதும் இயல்பு. குழந்தையை வெயிலில் காட்டியதற்காக மருமகளைத் திட்ட வேண்டியதில்லை.

நாங்க கறுப்பு. வெயில் எங்களை ஒண்ணும் செய்யாதுல்ல?

கொஞ்சம் செய்யும். சன்ஸ்கிரீன் எவ்வளவு காக்கும் என்று சொல்லும் எண்தான் எஸ்.பி.எஃப். மிகக் கருமையான தோலின் இயற்கைக் காப்பு எஸ்.பி.எஃப். 13 அளவுக்கு இருக்கும் என்று அளந்திருக்கிறார்கள். வெள்ளைத் தோலுக்கு அது 3 சொச்சம். வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நமக்குக் குறைவாக இருப்பது இதனால்தான். ஆனால் திட்டுத் திட்டாகக் கறுப்பது, மங்கு, கண்ணில் புரை ஆகியவற்றுக்கு இந்தக் காப்பு போதாது. கருந்தோல்காரர்களுக்கு அபூர்வமாக வரும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் பெரும்பாலும் வருகிறது. அதற்கு வெயில் காரணம் இல்லை. அங்கே புதிதாகக் கறுப்பு மச்சமோ கோடோ தோன்றி வளர்ந்தால் கடைக்கு வராதீர்கள், தோல் மருத்துவரிடம் போங்கள்.

கன்னத்தில் மங்கு விழுந்திருக்கு. இதுவும் வெயில்தானா?

வெயிலும் ஒரு காரணம். கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை எல்லாம் சேர்ந்து வருவது மங்கு. இதில் ஒரு விசேஷம், புற ஊதா மட்டும் அல்ல, கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே நம் போன்ற தோலில் இதைக் கூட்டும். அதனால் வெள்ளை சன்ஸ்கிரீனைவிட, இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல்நிறச் சாயமுள்ள சன்ஸ்கிரீன் மங்குக்கு நன்றாக உதவும். அடுப்பு அனலும் ஆகாது என்பார்கள் மருத்துவர்கள். வைத்தியம் மாதக்கணக்கில் நடக்கும், ஒரு சித்திரை வெயில் அத்தனையையும் திருப்பிவிடும்.

மஞ்சள், நலங்கு மாவு, எலுமிச்சம்பழம் தேய்க்கலாமா?

நலங்கு மாவு நல்லதுதான். எண்ணெயையும் செத்த தோலையும் எடுக்கும், முகம் பளிச்சென்று இருக்கும். அடியில் இருக்கும் மெலனினை அது தொடாது. மஞ்சளை வெயிலுக்குக் காப்பு என்று நம்ப வேண்டாம். வேட்டியில் பட்ட சாம்பார்க் கறையை வெயிலில் போட்டால் மஞ்சள் மறைந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள், வெயிலில் முதலில் சிதைவதே மஞ்சளின் நிறமிதான்.

எலுமிச்சையை மட்டும் தயவுசெய்து வேண்டாம். அதன் தோலிலும் சாற்றிலும் இருக்கும் ஒருவகை வேதிப்பொருள் வெயில் பட்டதும் தோலைப் பொசுக்கும். ஊறுகாய்க்கு நறுக்கிவிட்டுக் கையைச் சரியாகக் கழுவாமல் மாடியில் நின்றால், ஓரிரு நாளில் சிவந்து கொப்புளிக்கும். அப்புறம் விரல் வழிந்த தடத்திலேயே கருந்திட்டு விழுந்து மாதக்கணக்கில் நிற்கும். வெளுக்கத் தேய்த்தது கறுப்பில் முடிவது இப்படித்தான்.

வெண்புள்ளிக்குக் கார்போக அரிசி அரைச்சுப் போட்டு வெயிலில் நிற்கச் சொல்றாங்களே?

இந்தப் பழைய வைத்தியத்தில் உண்மை உண்டு. எலுமிச்சையில் உள்ளதன் குடும்பத்தைச் சேர்ந்த சோரலென் கார்போக அரிசியில் இருக்கிறது. ஆங்கில வைத்தியத்திலும் சோரலென் கொடுத்துப் புற ஊதா ஏ விளக்கில் காட்டும் சிகிச்சை வந்தது. ஆனால் அங்கே மருந்தின் அளவும் கதிரின் அளவும் கணக்குப்படி. வீட்டில் அரைத்துப் பூசிச் சித்திரை வெயிலில் நின்றால் வெந்து போகும், மெலனின் இல்லாத அந்த இடத்தில் இன்னும் மோசமாக. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் வேண்டாம்.

ஏழே நாளில் சிவப்பாக்கும் க்ரீம் ஒண்ணு சொன்னாங்க...

ஏழு நாளில் நிறம் மாறினால் பயப்பட வேண்டும். அப்படி மாற்றுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு: பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று குழாயின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். முதலில் முகம் தெளியும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, பரு கொப்பளித்து, நிறுத்தினால் எரிந்து சிவக்கும். மெலிந்த தோலை வெயில் இன்னும் சுலபமாக அடிக்கும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய பூச்சு ஸ்டீராய்டுகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கல்லூரிப் பிள்ளைகள் சீட்டில்லாமல் கேட்டு, நான் கொடுக்காமல், அடுத்த கடைக்குப் போவது தெரிந்ததுதான். லேபிளே இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று கொடுக்கப்படும் டப்பாக்கள் இன்னும் ஆபத்து, அவற்றில் பாதரசம் இருக்கலாம். 2023-இல் கேரளத்தின் மலப்புரத்தில் அத்தகைய க்ரீம்களால் சிறுநீரகம் கெட்டவர்களைப் பற்றிய செய்தி வந்தது.

காலை இளவெயிலில் நின்னா வைட்டமின் டி கிடைக்கும்தானே?

கண்ணுக்கும் மனசுக்கும் நல்லது, வைட்டமின் டி கிடைப்பது சொற்பம். அதைச் செய்ய வைப்பது புற ஊதா பி. சூரியன் சாய்ந்திருக்கும்போது அது காற்று மண்டலத்திலேயே வடிகட்டப்பட்டுவிடும். திருப்பதியில் செய்த ஆய்வில் 11 மணி முதல் 2 மணி வரைதான் அதிகம் உருவாகிறது என்று கண்டார்கள். கறுக்க வைக்கும் அதே நேரம் என்பதுதான் இதில் சங்கடம். கை கால் தெரிய, முகத்தை மறைத்துக்கொண்டு, சிறிது நேரம் நின்றால் இரண்டுக்கும் சமாதானம். கருந்தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். குறைபாடு இருந்தால் பரிசோதித்து மாத்திரை எடுப்பது சுலபம்.

பிள்ளை தலைமுடி செம்பட்டையா இருக்கு. சத்துக் குறைவா?

ஊரணியில் குதித்து, கண்மாய்க் கரையில் ஓடி, எண்ணெய் வைக்க ஓடிப்பிடிக்க வேண்டிய பிள்ளையாக இருந்தால் வெயில்தான். முடியைப் பிரித்து வேரைப் பாருங்கள். வேர் கறுப்பு, நுனி மட்டும் பழுப்பு என்றால் கவலை இல்லை. வேரிலிருந்தே வெளிறி, முடி மெலிந்து, இழுத்தால் கையோடு வந்து, பிள்ளையும் சோர்ந்து கால் வீங்கியிருந்தால் அது புரதக் குறைவாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நரையும் வெயிலாலா?

இல்லை. நரை வேர்க்காலில் நடப்பது. மெலனின் செய்யும் செல்கள் தீர்ந்துபோவது. பெரும்பாலும் பரம்பரை. சின்ன வயதில் வந்தால் பி12, தைராய்டு பார்க்கலாம்.

தேங்காய் எண்ணெய், கரிசலாங்கண்ணித் தைலம் முடியைக் கறுப்பாக்குமா?

உயிரில்லாத முடிக்குள் எந்தத் தைலத்தாலும் மெலனினை ஏற்ற முடியாது. எண்ணெய் தடவிய முடி ஒளியைக் குறைவாகச் சிதறடிப்பதால் கறுப்பாகத் தெரியும்; சீயக்காய் போட்டதும் பழைய கதை. ஆனால் தேங்காய் எண்ணெயை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முடிக்குள் ஊறி, அலசும்போது புரதம் போவதைக் குறைக்கும் என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். வெயிலில் பலவீனமான முடிக்கு அது பெரிய உதவி. மருதாணி முடியின் புரதத்தோடு ஒட்டிச் செம்பழுப்பு தரும். "கறுப்பு மருதாணி" என்று விற்பதில் சாயப்பொருள் கலந்திருக்கும். சிலருக்கு மண்டை புண்ணாகிவிடும்.

சன்ஸ்கிரீன் போட்டும் கறுக்குதே?

போடுகிற அளவைப் பார்த்தால் ஆச்சரியமில்லை. ஒரு சதுர செ.மீ. தோலுக்கு 2 மி.கி. பூசித்தான் எஸ்.பி.எஃப். எண்ணைக் கணக்கிடுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். பெரும்பாலோர் பட்டாணி அளவு எடுப்பார்கள். எஸ்.பி.எஃப். 30 சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 சுமார் 98. இந்த ஒரு சதவீதத்துக்காக இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டாம், ஒழுங்காகப் பூசினால் போதும். அந்த எண் பி கதிருக்கானது; ஏ கதிருக்கு "பி.ஏ." என்று போட்டு அடுத்து எத்தனை கூட்டல் குறி என்று பாருங்கள், குறைந்தது மூன்று இருக்கட்டும். வேர்த்துக் கொட்டும் ஊர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். அதெல்லாம் முடியாதவர்களுக்குக் கறுப்புக் குடையும் நெருக்கமாக நெய்த துணியும் க்ரீமைவிட மேல். கண்டாங்கிச் சேலையின் தலைப்பைத் தலைக்குப் போட்டுக்கொண்டால் மெல்லிய வெள்ளைத் துப்பட்டாவைவிட நன்றாகத் தடுக்கும். அடர்நிறம், அழுத்தமான நெசவு, இரண்டும் அதில் உண்டு.

மகளுக்குக் கல்யாணம், பத்து நாள்தான் இருக்கு. முகக் கறுப்பு போயிடுமா?

முழுக்கப் போகாது, பத்து நாளில் தோல் புதிதாகாது. இருப்பதைக் கூட்டாமல் பார்த்துக்கொள்ளலாம். பிளீச், புது ஃபேஷியல், தெரியாத க்ரீம் எதையும் இந்த நேரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். ஒத்துக்கொள்ளாமல் தடித்துவிட்டால் முகூர்த்தத்துக்குள் ஆறாது. பழகிய நலங்கு மாவு, மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். பத்திரிகை வைக்க ஊர் ஊராய் அலைகிற வேலைக்குப் பெண்ணை அழைத்துப் போகாதீர்கள், சித்தப்பா பெரியப்பா யாரையாவது அனுப்புங்கள்.